கவுண்டர்-ஸ்ட்ரைக் 2: ஆடிய மேட்ச்சை எடுத்து வைப்பது எப்படி, வைத்ததைத் தேடுவது எங்கே? திருகோணமலைப் பெடியள் கேட்கும் கேள்விகள்

உவர்மலை, உப்புவெளி, அன்புவழிபுரம், அங்கால கிண்ணியா, மூதூர் வரைக்கும் இப்போது கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற, இரண்டு அணி சுட்டு ஆடும் கணினி கேமை ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வட்ஸ்அப் குழுவில் வாராவாரம் வருகிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, நேற்று ஆடின மேட்ச் எங்க கிடக்கு?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்புவதை விட எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்றுதான் இது. நன்றாகச் சுடக்கூடிய பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறார்கள். ஆடியதைத் திரும்பப் பார்க்கிறவர்கள்தான் குறைவு, அந்தக் குறை தீரவேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசை.

டெமோ, டெமோ என்கிறீர்களே, அது வீடியோதானே?

இல்லை. இது விளங்கினால் மற்றக் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். டெமோ என்பது மேட்ச்சின் தரவு மட்டும்: எந்த நொடியில் யார் எங்கே நின்றார், எந்தப் பக்கம் பார்த்தார், எப்போது சுட்டார், குண்டு எங்கே விழுந்தது. அதைத் திறக்கும்போது கேம் அந்தத் தரவை வைத்துக் காட்சியை மறுபடி வரைகிறது. அதனால்தான் உங்கள் கண்ணால் மட்டுமில்லாமல் எதிரியின் கண்ணாலும் பார்க்கலாம், மேலே பறந்தும் பார்க்கலாம், சுவருக்குப் பின்னால் நிற்கிறவரையும் பார்க்கலாம். அதே காரணத்தால்தான் அதை விஎல்சியில் போட்டால் திறக்காது, போனில் ஓடாது. கேம் பெரிய அப்டேட் ஒன்று வாங்கினால் பழைய டெமோ திறக்காமலும் போகலாம்.

வீடியோ என்பது உங்கள் திரையில் தெரிந்தது மட்டும். யாருக்கும் காட்டலாம், எப்போதும் ஓடும், ஆனால் நீங்கள் பார்க்காததை அது ஒருநாளும் காட்டாது. படிக்க டெமோ, காட்ட வீடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒன்றும் ரெக்கோர்ட் பண்ணவில்லை. நேற்றைய மேட்ச் இனிக் கிடைக்குமா?

பிரீமியர், கொம்பெட்டிட்டிவ், விங்மேன் இந்த மூன்று ஆட்ட வகைகளில் ஒன்று என்றால் பெரும்பாலும் கிடைக்கும். அவற்றை கேமைச் செய்த வால்வ் நிறுவனத்தின் சேர்வரே பதிந்து வைக்கிறது, நீங்கள் எதையும் அழுத்தத் தேவையில்லை. கேமைத் திறந்து மேலே வாட்ச் பகுதிக்குப் போய் உங்கள் மேட்ச்கள் வரிசையைப் பாருங்கள். மேட்ச்சைத் தெரிவு செய்தால் டவுன்லோட் பட்டன் வரும், இறங்கி முடிந்ததும் அங்கேயே ஓடவிடலாம். கேஷுவல், டெத்மேட்ச் ஆட்டங்கள் அந்த வரிசையில் வராது.

ஆனால் சேர்வர் அதை நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. சில வாரங்கள் போனதும் மேட்ச்சின் புள்ளிக் கணக்கு தெரியும், டவுன்லோட் மட்டும் வராது. அப்படிப் போனதை யாராலும் மீட்டுத் தர முடியாது, எனக்கு மெசேஜ் போட்டும் பயன் இல்லை. நல்ல மேட்ச் என்று தோன்றினால் அன்றிரவே இறக்கி வையுங்கள். தோற்ற மேட்ச் என்றால் கட்டாயம் இறக்குங்கள்.

டவுன்லோட் முடிந்தது என்று சொல்கிறது. ஃபைல் எங்கே?

கேமை இறக்கித் தருகிற ஸ்டீம் செயலியின் ஃபோல்டருக்குள் ஸ்டீம்ஆப்ஸ், அதற்குள் காமன், அதற்குள் கவுண்டர்-ஸ்ட்ரைக் குளோபல் ஒஃபென்சிவ், பிறகு கேம், பிறகு சிஎஸ்ஜிஓ, கடைசியில் ரீப்ளேஸ். "நான் ஆடுவது 2, இது பழைய கேமின் பெயராயிற்றே" என்று குழம்பவேண்டாம். 2023 செப்டெம்பர் 27ஆம் தேதி 2 வந்தபோது பழையதன் இடத்திலேயே வந்து உட்கார்ந்தது, ஃபோல்டரின் பெயர் மட்டும் மாறவில்லை.

கேமை எந்த டிரைவில் போட்டீர்கள் என்றே மறந்துவிட்டீர்களா? ஸ்டீம் லைப்ரரியில் கேமின் பெயரில் ரைட் கிளிக் செய்து, மேனேஜ், பிறகு பிரவுஸ் லோக்கல் ஃபைல்ஸ் கொடுங்கள். நேராக கேமின் ஃபோல்டரே திறக்கும், அங்கிருந்து கேம், சிஎஸ்ஜிஓ, ரீப்ளேஸ் என்று உள்ளே போனால் சரி. அதுவும் சரிவரவில்லை என்றால் விண்டோஸ் தேடல் பெட்டியில் நட்சத்திரக்குறி, புள்ளி, டெம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, இப்படி இடைவெளி விடாமல் அடித்துத் தேடுங்கள். டெமோ ஃபைல் எல்லாவற்றுக்கும் வால் அதுதான்.

உள்ளே போனால் மேட்ச்730 என்று தொடங்கி வாய்ப்பாடு மாதிரி இலக்கமாகக் கிடக்கிறது. எது எந்த மேட்ச் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

730 என்பது ஸ்டீமில் இந்த கேமுக்கு உள்ள இலக்கம், அதனால் எல்லா ஃபைலிலும் அது இருக்கும். அதை வைத்து ஒன்றையும் பிரித்தறிய முடியாது. டேட் மொடிஃபைட் நெடுவரிசையில் ஒரு கிளிக் செய்து புதியது மேலே வரும்படி வையுங்கள், கடைசியாக இறக்கியது முதலில் நிற்கும்.

இறக்கின உடனேயே பெயரை மாற்றிவிடுவதுதான் நல்ல வழக்கம். ஆண்டு, மாதம், நாள், மேப் பெயர், வென்றதா தோற்றதா என்று ஒரே ஒழுங்கில், ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும் வைத்து, சொற்களுக்கு நடுவில் இடைவெளி விடாமல் அடிக்கோடு போட்டு எழுதுங்கள். இடைவெளி இருந்தால் பிறகு கொன்சோலில் (கேமுக்குக் கட்டளை அடிக்கிற பெட்டியில்) அடிக்கும்போது தொல்லை. டெமோவோடு அதே பெயரில் இன்ஃபோ என்று முடிகிற சின்ன ஃபைல் ஒன்றும் இருக்கும், அதற்கும் அதே பெயரைக் கொடுத்து இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள்.

ஒரு டெமோ சில நூறு எம்பி வருகிறது. டேட்டா தாங்காதே?

உண்மைதான், நீண்ட மேட்ச் என்றால் இன்னும் கூடும். இங்கே பலருடைய பக்கேஜில் பகலுக்கு ஒரு அளவும் நள்ளிரவுக்குப் பிறகு வேறு அளவும் இருக்கிறது. உங்களுக்கும் அப்படி என்றால் இறக்குவதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அணியில் ஐந்து பேரும் தனித்தனியாக இறக்குவது வீண். ஒருவர் இறக்கி பென்டிரைவில் கொடுத்தால் போதும், மற்றவர்கள் தங்கள் கணினியில் அதே ரீப்ளேஸ் ஃபோல்டருக்குள் போட்டுவிடலாம். ஃபைல் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கொன்சோலில் ரெக்கோர்ட் என்று அடித்தும் எடுக்கலாம் என்கிறார்களே?

எடுக்கலாம். முதலில் செட்டிங்ஸில் கேம் பகுதிக்குப் போய் டெவலப்பர் கொன்சோலை எனேபிள் செய்யுங்கள், பிறகு எஸ்கேப் பட்டனுக்குக் கீழே இருக்கிற பட்டனை அழுத்தினால் கொன்சோல் திறக்கும். மேட்ச்சுக்குள் நுழைந்து மேப் முழுதாக வந்த பிறகு, ரெக்கோர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, நீங்கள் வைக்க விரும்பும் பெயரை அடித்து என்டர் கொடுங்கள். முடிந்ததும் ஸ்டொப். இந்த ஃபைல் ரீப்ளேஸுக்குள் போகாது, அதற்கு ஒரு படி வெளியே, சிஎஸ்ஜிஓ ஃபோல்டரிலேயே விழும். "ரெக்கோர்ட் பண்ணினேன், காணவில்லை" என்று வருகிறவர்களில் அனேகமானவர்கள் தேடுகிற இடம்தான் பிழை.

இது சேர்வர் எடுத்த டெமோ மாதிரி முழுமையானது இல்லை. உங்கள் கணினிக்கு சேர்வர் அனுப்பிய தரவு மட்டும்தான் இதில் இருக்கும், அதனால் நீங்கள் காணாத எதிரி என்ன செய்தார் என்பதை இதில் நம்பிப் பார்க்க முடியாது. வால்வ் சேர்வரில் ஆடினால் வாட்ச் பகுதியில் கிடைப்பதை எடுங்கள். வேறு யாருடையவோ சேர்வர், அவர்கள் டெமோ தருவார்களோ தெரியாது என்ற நிலை வந்தால் ரெக்கோர்ட்டைப் போடுங்கள்.

திறந்துவிட்டேன். எப்படி ஓட்டுவது?

வாட்ச் பகுதியிலிருந்து திறக்கலாம், இல்லையென்றால் கொன்சோலில் பிளேடெமோ என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்து, இடைவெளி விட்டு ஃபைல் பெயரை அடியுங்கள். ஃபைல் ரீப்ளேஸுக்குள் இருந்தால் பெயருக்கு முன்னால் ரீப்ளேஸ் என்று எழுதி ஒரு சாய்கோடு போடவேண்டும். ஓடத் தொடங்கியதும் ஷிஃப்டோடு எஃப்2 அழுத்தினால் கட்டுப்பாட்டுப் பட்டை வரும். நிறுத்துவது, வேகத்தைக் குறைப்பது, முன்னே பின்னே போவது எல்லாம் அதிலேயே இருக்கிறது. பின்னுக்குப் போகும்போது கொஞ்சம் நின்றுதான் வரும், பொறுங்கள்.

டெமோவில் நேரம் டிக் கணக்கில் ஓடும். நொடிக்கு 64 டிக், ஆகவே ஒரு நிமிடத்துக்கு 3840. முக்கியமான இடம் வந்தால் அந்த டிக் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை கொன்சோலில் டெமோ, கோடூடிக் இரண்டுக்கும் நடுவில் அடிக்கோடு போட்டு, பின்னால் இலக்கத்தைக் கொடுத்தால் நேரே அங்கேயே இறங்கலாம். அணியோடு சேர்ந்து பார்க்கும்போது இதன் அருமை தெரியும், ஆளாளுக்கு "இன்னும் கொஞ்சம் முன்னால, இன்னும் கொஞ்சம்" என்று கத்தத் தேவை இருக்காது.

பார்த்தால் என்ன பார்ப்பது? நான் செத்த இடம் எல்லாம் எனக்குத் தெரியும்தானே.

செத்த இடம் தெரியும். ஏன் செத்தீர்கள் என்பது அநேகமாகத் தெரியாது. இதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

எங்கள் அணித் தம்பி ஒருவர், மிராஜ் மேப், பாதுகாக்கிற பக்கம், ஏ சைட் (ஜங்கிள், பாலஸ், கனெக்டர் எல்லாம் அதைச் சுற்றியுள்ள இடங்களின் பெயர்). ஜங்கிளில் இருந்து வெளியே வந்தார், பாலஸ் பக்கத்தில் இருந்து ஒரே தோட்டா, தலையில். "நான் வருவேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கடுங்கோபம். டெமோவை எடுத்து, அவர் சாவதற்குப் பத்து நொடி முன்னால் போய், அவர் கண்ணை விட்டுவிட்டு எதிரியின் கண்ணுக்கு மாறினோம். எதிரி பாலஸுக்குள்ளே நிற்கிறான், குறி சைட்டின் மறுபக்கத்தில் இருக்கிறது. எங்கள் தம்பி கனெக்டரில் இருந்து ஓடி வருகிறார், நடக்கவில்லை, ஓடுகிறார், காலடிச் சத்தம் ஹெட்செட்டில் நமக்கே கேட்கிறது. அந்தச் சத்தம் வந்த கணத்தில் எதிரியின் குறி மெதுவாக ஜங்கிள் வாசலுக்குத் திரும்பி, தலை வரும் உயரத்தில் போய் நின்றது. அதன் பிறகு அவன் அதை அசைக்கவே இல்லை. தம்பி வாசலில் வந்தபோது தானாகவே அந்தக் குறிக்குள் நடந்து வந்தார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. அவருடைய பார்வையில் எடுத்த வீடியோவை நூறு தடவை போட்டிருந்தாலும் இது தெரிந்திருக்காது.

ஆகவே என்னுடைய யோசனை இது: முழு மேட்ச்சையும் உட்கார்ந்து பார்க்க வேண்டாம், அலுத்துவிடும், இரண்டாம் தடவை திறக்கவே மாட்டீர்கள். தோற்ற ரவுண்ட்களில் இரண்டோ மூன்றோ எடுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் உங்கள் கண்ணால், பிறகு உங்களைக் கொன்றவர் கண்ணால் பாருங்கள். எக்ஸ் பட்டனை அழுத்திச் சுவர் ஊடாகத் தெரிகிற கோட்டுருவங்களை முதலில் மறைத்துவிடுங்கள், அவை இருந்தால் எல்லாம் தெரிந்தவர் மாதிரி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். கையெறி குண்டு எப்போது வீசினீர்கள், அந்த நேரம் உங்கள் ஆட்கள் எங்கே நின்றார்கள் என்பதையும் கவனியுங்கள். இங்கே நான் பார்த்த அணிகளில் சுடுவதை விட இதில்தான் ரவுண்ட் கூடப் போகிறது.

டெமோவில் அவன் குறி தலைக்கு வெளியே இருந்தது, ஆனால் தலையில் பட்டது. ஹக்கர்தானே?

அவசரப்படாதீர்கள். இந்த கேமில் நீங்கள் சுடுகிற நேரத்தை இரண்டு டிக்குக்கு நடுவில் கூடக் கணக்கெடுக்கிறார்கள், சப்-டிக் என்று சொல்வது அதைத்தான். டெமோ காட்டுவது டிக் டிக்காக. அதனால் சுட்ட நொடியில் குறி நின்ற இடம் டெமோவில் துல்லியமாகத் தெரியாது, சற்றுத் தள்ளித் தெரியலாம். ஒரு தோட்டாவை நிறுத்தி வைத்துப் படம் எடுத்து ஒருவருடைய பெயரைக் கெடுப்பது சரியில்லை. சந்தேகம் என்றால் பல ரவுண்ட் தொடர்ந்து அவர் கண்ணால் பாருங்கள். ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு தகவலும் இல்லாமல், சுவருக்குப் பின்னால் நிற்கிறவரையே அவர் குறி தொடர்ந்து பின்தொடர்கிறதா? அப்படி என்றால் கேமுக்குள்ளேயே ரிப்போர்ட் கொடுங்கள். குழுக்களில் பெயர் போட்டு ஏசவேண்டாம்.

வீடியோவாக வேண்டும். திரையைப் பதிகிற ஓபிஎஸ் செயலியில் எடுத்தேன், நடுவில் கரண்ட் போய் முழு ஃபைலும் பழுதாகிவிட்டது.

திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா. 2022இல் ஒரு நாளில் 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்த காலமும் வந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி தீவு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. இப்போதும் மழைக்காற்று அடித்தால் போய் வரும்.

சாதாரண எம்பி4 ஃபைல் என்றால், எங்கே என்ன இருக்கிறது என்ற விபரத்தை ரெக்கோர்டிங் முடியும்போதுதான் எழுதி மூடுகிறது. மூடுவதற்கு முன் கணினி அணைந்தால் உள்ளே படம் எல்லாம் இருந்தும் திறக்க வழியில்லாமல் போகும். எம்கேவி என்ற வீடியோ வடிவம் அப்படியில்லை, அணைந்த நொடி வரைக்கும் உள்ளது ஓடும். ஆகவே ஓபிஎஸ் செட்டிங்ஸில் அவுட்புட், ரெக்கோர்டிங் என்று போய் வடிவத்தை எம்கேவிக்கு மாற்றுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கோர்டிங்ஸ் கொடுத்தால் அதை எம்பி4 ஆக்கித் தரும், தரம் குறையாது, கொஞ்ச நேரம்தான் எடுக்கும். ஓபிஎஸ்ஸின் புதிய பதிப்புகளில் ஹைப்ரிட் எம்பி4 என்று ஒன்றும் இருக்கிறது, அதுவும் இந்தப் பிரச்சினைக்காகவே வந்தது.

இடக் கணக்கும் பாருங்கள். வீடியோ வேகம் 6000 கேபிபிஎஸ் என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 45 எம்பி, ஒரு மணிநேரத்துக்கு 2.7 ஜிபி. முழு இரவும் எடுத்துவிட்டு டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

முழுதும் வேண்டாம், நல்ல ஷொட் அடித்த பிறகு அதை மட்டும் பிடிக்கவேண்டும் என்றால் ஓபிஎஸ்ஸிலேயே ரீப்ளே பஃபர் இருக்கிறது. கடைசிச் சில நொடிகளை எப்போதும் கையில் வைத்திருந்து, நீங்கள் பட்டனை அழுத்தினால் மட்டும் ஃபைலாக எழுதும். அது ரேமில் இருப்பதால் கரண்ட் போனால் போனதுதான். அடித்தவுடன் அழுத்துங்கள், ரவுண்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஓபிஎஸ் போட்டால் கேம் இழுக்கிறது. வேறு வழி?

நிறைய உண்டு. என்விடியா கார்ட் இருந்தால் ஆல்ட்டோடு இசட் அழுத்தி இன்ஸ்டன்ட் ரீப்ளேயை ஒன் பண்ணுங்கள், பிறகு ஆல்ட்டோடு எஃப்10 அழுத்தினால் கடைசி நிமிடங்கள் வீடியோஸ் ஃபோல்டரில் சேரும். விண்டோஸின் கேம் பாரில் பின்னணிப் பதிவை ஒன் பண்ணி வைத்திருந்தால் விண்டோஸ், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தவேண்டும், அது வீடியோஸுக்குள் கப்சர்ஸ் என்ற ஃபோல்டரில் விழும். 2024 நவம்பரில் இருந்து ஸ்டீமிலேயே ரெக்கோர்டிங் எல்லோருக்கும் வந்துவிட்டது, செட்டிங்ஸில் கேம் ரெக்கோர்டிங் என்று தேடுங்கள். பின்னணியில் ஓடவிட்டால், நீங்கள் மாற்றாத வரை, கடைசி 120 நிமிடம் வைத்திருக்கும், பழையது தானாக அழியும். அதை எங்கே வைக்கிறது என்பதையும் அதே இடத்தில் பார்க்கலாம், வேறு டிரைவுக்கு மாற்றவும் முடியும். பழைய கணினி என்றால் நான் முதலில் என்விடியாவைத்தான் சொல்வேன், இழுவை குறைவு.

நாங்களே லான் மேட்ச் (ஒரே இடத்தில் கணினிகளை இணைத்து ஆடுவது) வைக்கிறோம். ஐந்துக்கு ஐந்து. எல்லோருக்கும் டெமோ வேண்டும்.

நல்ல விஷயம், கட்டாயம் எடுங்கள். சேர்வரில் டிவி, எனேபிள் என்ற இரண்டையும் அடிக்கோட்டால் சேர்த்து அடித்து 1 கொடுக்கவேண்டும், அதுவும் மேப் ஏற்றுவதற்கு முன்னால். மேப் ஓடும்போது கொடுத்தால் அடுத்த மேப்புக்குத்தான் வேலை செய்யும். பிறகு டிவி, ரெக்கோர்ட் இரண்டையும் அதே மாதிரிச் சேர்த்து, ஃபைல் பெயர் கொடுத்துத் தொடங்குங்கள். முடிவில் டிவி, ஸ்டொப்ரெக்கோர்ட். அதைக் கொடுக்காமல் சேர்வரை இழுத்து மூடிவிடாதீர்கள். ஃபைல் சேர்வர் ஓடிய கணினியின் சிஎஸ்ஜிஓ ஃபோல்டரில் இருக்கும், வீட்டுக்குப் போகமுன் இரண்டு அணிக்கும் கொடுத்துவிடுங்கள். தோற்ற அணிக்கும் அதைப் பார்க்கிற உரிமை உண்டு.

நண்பன் வேறு ஊரில் இருக்கிறான். என்னுடைய மேட்ச்சை அவன் எப்படிப் பார்ப்பது?

வாட்ச் பகுதியில் அந்த மேட்ச்சுக்குப் பகிர்வு இணைப்பு எடுத்து அனுப்புங்கள். அவர் அதைத் திறந்தால் அவருடைய ஸ்டீம் நேரே டெமோவை இறக்கும், நீங்கள் பெரிய ஃபைலை ஏற்றத் தேவையில்லை. இதுவும் சேர்வரில் டெமோ இருக்கும் வரைதான். யூடியூபில் போடுவதாக இருந்தால் அன்லிஸ்டட் ஆகப் போடலாம். உங்கள் அணியினர் பேசுகிற குரல் அதில் இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். தோற்கும்போது வீட்டுக்குள்ளே கதைக்கிற கதை ஊருக்குப் போவதை யாரும் விரும்பமாட்டார்கள், பள்ளிப் பிள்ளைகள் அணியில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

நாங்கள் போனில் வேறு கேம் ஆடுகிறவர்கள். எங்களுக்கு?

போனில் இருக்கிற ஸ்கிரீன் ரெக்கோர்டர் போதும், கேலரியில் ஸ்கிரீன் ரெக்கோர்டிங் என்ற பெயரில் தனி அல்பமாக இருக்கும். எடுக்கமுன் டூ நொட் டிஸ்டர்ப் போடுங்கள். ஆடும்போது வங்கியின் ஓடிபி மேலே வந்து விழுந்தால் அதுவும் வீடியோவில் பதிந்துவிடும்.

வலரண்ட்?

அது வேறொரு சுடுகிற கேம். அதில் பல வருடமாக ரீப்ளே கிடையாது, கணினியில் 2025 செப்டெம்பரில்தான் வந்தது. உங்கள் மேட்ச் வரலாற்றில் இருந்து திறக்கலாம். புது பேட்ச் வந்தால் முந்தியது ஓடாது என்பதால் அங்கே இன்னும் சீக்கிரம் பார்க்கவேண்டும். வைத்திருக்க விரும்பும் ரவுண்டை ரீப்ளேயில் ஓடவிட்டு ஓபிஎஸ்ஸால் வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 2க்கு முந்திய சிஎஸ்:ஜிஓ காலத்து டெமோக்கள் இருக்கின்றன. திறக்கவே மாட்டேன் என்கிறது.

2இல் அவை ஓடாது, எஞ்சினே வேறு. ஆனால் அழித்துவிடாதீர்கள். ஸ்டீமில் கேமின் ப்ரொப்பர்ட்டீஸுக்குள் போய் பீட்டாஸ் பகுதியில் சிஎஸ்ஜிஓ லெகசி என்பதைத் தெரிவு செய்தால் பழைய கேம் இறங்கும், அதில் திறந்து பாருங்கள். அது பெரிய டவுன்லோட், அதையும் இரவுக்கே வையுங்கள். திறந்ததும் பிடித்த ரவுண்ட்களை வீடியோவாக எடுத்து வேறு டிஸ்க்கில் போட்டுவிட்டு, திரும்ப அதே இடத்தில் நன் (எந்த பீட்டாவும் வேண்டாம்) என்பதைத் தெரிவு செய்தால் 2 வந்துவிடும்.